மாஸ்டர் விட்ட ஒரு இஞ்சு

மாஸ்டர் நடைபாதையில் மண்டியிட்டு, தன் தையல் கடையின் சிமெண்டுப் படிமேல் நீல சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். துணியில் குறி போடுகிற சாக்பீஸ். கழுத்தில் தொங்கிய டேப்பை இழுத்து இரண்டு முறை அளந்தார். பிறகு போட்ட கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு போட்டுவிட்டு, "ம், வெட்டுங்க" என்றார்.

உளியும் சுத்தியலுமாக நின்றிருந்த கொத்தனார் குனிந்து பார்த்தார்.

"ரெண்டு கோடு இருக்கே மாஸ்டர். எதுல வெட்டறது?"

"வெளிக் கோட்டுல. உள்ள இருக்கறது தையல் கோடு."

"படிக்கு எதுக்குத் தையல் கோடு?"

"ஒரு இஞ்சு விட்டு வெட்டினாத்தான் நல்லது. நாளைக்குத் தேவைன்னா பிரிச்சு விட்டுக்கலாம்."

கொத்தனார் சுத்தியலைக் கீழே வைத்தார். "மாஸ்டர், இது துணி இல்ல, சிமெண்டு. பிரிச்செல்லாம் விட முடியாது."

"தெரியுதுங்க. ஆனா ஒட்ட வெட்டச் சொல்ல வாய் வரமாட்டேங்குது."

அவர் பொய் சொல்லவில்லை. முப்பது வருடமாக எந்தத் துணியை வெட்டினாலும் ஓரத்தில் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு, உள்ளே மடித்துத் தைக்கிற கை அது. வளர்கிற பிள்ளைக்கு அடுத்த வருடம் பிரித்து விடலாம். தொப்பை வைக்கிற அப்பாவுக்கும் பிரித்து விடலாம். ஊரில் பாதிப் பேர் ஒரே கால்சட்டையில் நாலு வருடம் ஓட்டுவது இவர் புண்ணியத்தில்தான். அதனால் அவருக்கு 'ஒரு இஞ்சு மாஸ்டர்' என்று பெயர். சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் அவர் மனைவியே கொஞ்சம் யோசிப்பாள்.

படியை வெட்ட வேண்டி வந்ததற்குக் காரணம், நகராட்சியிலிருந்து வெளிர்பச்சைத் தாளில் வந்த ஒரு நோட்டீஸ். கடையின் முன்படி நடைபாதையில் பதினெட்டு அங்குலம் நீண்டிருக்கிறதாம். ஒன்பது அங்குலத்துக்கு மேல் அனுமதி இல்லையாம். பதினைந்து நாளில் சரிசெய்யாவிட்டால் கடையைப் பூட்டி சீல் வைத்துவிடுவார்களாம்.

சீல் என்ற வார்த்தையை மாஸ்டர் இரண்டு முறை படித்தார். முப்பது வருடத்தில் நான்கு வாடகைக் கடைகள் மாறியவர். அவர் என்றைக்கு ஆணியடித்துப் பெயர்ப் பலகை மாட்டுகிறாரோ, அதற்கு மறு வருடம் கடைக்குச் சொந்தக்காரர் இடத்தைக் கேட்பார். இது ஐந்தாவது கடை, அவருடைய சொந்தக் கடை. இந்தத் தெருவுக்கு வந்து எட்டே மாதம்தான் ஆகிறது. அது மட்டுமில்லை, பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து நூற்று இருபது பிள்ளைகளுக்குச் சீருடை தைக்க ஒப்புக்கொண்டிருந்தார். ஒன்றாம் தேதி பள்ளி திறக்கிறது. அதற்குள் தருவதாகத் தலைமை ஆசிரியையிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

நோட்டீஸைக் கொண்டுவந்தவர் நகராட்சி பியூன். தலை நரைத்த, சாதுவான மனிதர். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, "மாஸ்டர், நீங்க தெருவுக்குப் புதுசு. ஒரு விஷயம் சொல்லட்டுமா" என்று ஆரம்பித்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாங்க. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீங்க உங்க வேலையைப் பாக்கறீங்க" என்று மாஸ்டர் அவரை வழியனுப்பி வைத்துவிட்டார்.

பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி மட்டும் கேட்டாள். "ஏங்க, பக்கத்து பேக்கரிப் படி ரெண்டடி நீட்டிட்டிருக்கு. எதுத்தாப்புல செருப்புக் கடைக்காரர் படியில உக்காந்தா கால் நடுரோட்டுல இருக்கு. நமக்கு மட்டும் எதுக்கு நோட்டீஸு?"

"யாரோ நம்ம மேல புகார் குடுத்திருக்காங்க."

"யாரு?"

மாஸ்டர் பேக்கரிப் பக்கம் பார்த்தார். கடை திறந்த முதல் வாரம் பேக்கரிக்காரருக்கு ஒரு பேண்ட் தைத்துக் கொடுத்திருந்தார். வழக்கம்போல ஓர் அங்குலம் தாராளம். 'இடுப்புல நிக்க மாட்டேங்குது' என்று பேக்கரிக்காரர் திருப்பிக் கொண்டுவர, 'இன்னும் ஆறு மாசம் உங்க பன்னையே சாப்பிடுங்க, தானா நிக்கும்' என்று இவர் சொல்ல, அன்றோடு பேச்சு குறைந்துபோயிருந்தது.

பதினைந்தாம் நாள் கட்டட இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடி, சட்டைப்பையில் இரும்பு டேப். வந்தவர் படியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். வெட்டிய ஓரத்தைக் கையால் தடவினார்.

"வெட்டிட்டீங்களா?"

"ஆமாங்க. நோட்டீஸ்ல சொன்னபடி."

"நாங்க சொன்னதுக்காகவா வெட்டினீங்க?"

இந்தக் கேள்வி மாஸ்டருக்குப் பிடிபடவில்லை. "வேற எதுக்குங்க வெட்டுவேன்?"

இன்ஸ்பெக்டர் குனிந்து அளந்தார். மறுபடி அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் அளந்தார். "பத்து அங்குலம் இருக்கு" என்றார், ஏதோ தன் வீட்டில் ஒரு குறை கண்டுபிடித்தவர்போல வருத்தமாக.

உள்ளேயிருந்து மனைவி தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

கொத்தனார் மறுபடி வந்தார். இந்த முறை கோடு போட்டது மனைவி. மாஸ்டரை உள்ளே உட்காரவைத்துவிட்டு, அவர் டேப்பையும் வாங்கி வைத்துக்கொண்டாள். படி சரியாக ஒன்பது அங்குலத்துக்கு வந்தது. விஷயம் முடிந்தது என்று மாஸ்டர் நிம்மதியாகப் பத்து சட்டைக்குக் காலர் வைத்தார்.

ஐந்தாவது நாள் பியூன் சைக்கிள் வந்து நின்றது. இரண்டாவது பச்சைத் தாள். 'படியின் அகலம் பதினோரு அங்குலத்துக்குக் குறைவாக இருப்பதால், ஏறி இறங்குவோர் தடுக்கி விழ வாய்ப்புண்டு. சரிசெய்யவும். தவறினால் சீல் வைக்கப்படும்.'

மாஸ்டர் இரண்டு நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெளியே ஒன்பதுக்கு மேல் இருக்கக் கூடாது. பதினொன்றுக்குக் கீழேயும் இருக்கக் கூடாது.

"மாஸ்டர், இதப் பத்தித்தான் நான் அன்னைக்கே..." என்று பியூன் வாயைத் திறந்தார்.

"கையெழுத்து எங்க போடணும்?" என்றார் மாஸ்டர்.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் இரண்டு தாளையும் கிழித்துப் போட்டிருப்பார்கள். நானாக இருந்தால் கிழித்ததோடு நிற்காமல் நாலு வார்த்தை பேசியும் இருப்பேன். மாஸ்டர் அன்று மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து யோசித்தார். கைக்குழி அளவு தப்பினால் சட்டையைத் தூக்கிப் போடுகிறோமா, வேறு இடத்தில் துணி எடுத்துச் சரிசெய்கிறோம். வெளியே இடம் இல்லையென்றால் உள்ளே எடுக்க வேண்டியதுதான்.

"படியைக் கடைக்குள்ள கொண்டுவந்துடலாம்" என்றார்.

கொத்தனார் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். "மாஸ்டர், உங்களுக்குக் கோவமே வராதா?"

"கோவம் வந்தா கோடு கோணிப்போகும்."

வெளிப்படியை இடித்து, கடையின் தரையை வாசலருகே குடைந்து, உள்ளேயே இரண்டு படி கட்டினார்கள். அழகான, அகலமான படிகள். ஆனால் துணி வெட்டுகிற பெரிய மேசை இருந்த இடம் போய்விட்டது. மேசை வீட்டுக்குப் போனது. வீட்டில் அது கூடம் முழுவதையும் அடைத்துக்கொண்டது. அன்றிலிருந்து குடும்பம் சாப்பிட்டது அந்த மேசையில்தான். ஒரு நாள் மாஸ்டரின் மகள் ரொட்டித் துண்டுக்குக் கை நீட்டி, சீருடைக் கைப்பட்டி ஒன்றைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்பா, இது எப்போ முடியும்?"

"படி முடிஞ்சிருச்சும்மா. இனிமே ஒண்ணும் வராது."

அவர் அப்படிச் சொன்னபோது கதவைப் பற்றி யோசிக்கவில்லை. கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. இப்போது உள்ளே படி வந்துவிட்டதால் பாதி திறந்ததும் முட்டிக்கொண்டது. பருமனான வாடிக்கையாளர்கள் வாசலிலேயே நின்று அளவு கொடுக்க வேண்டியிருந்தது. மாஸ்டர் தச்சரை அழைத்துக் கீலை மாற்றி, கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி செய்தார். தச்சர் நல்ல வேலைக்காரர். ஒரு விரலால் தள்ளினால் கதவு சத்தமில்லாமல் பறந்து திறக்கும்.

மறுநாள் காலை மாஸ்டர் ஒரு விரலால் தள்ளினார். வெளியே, உள்ளே போன படியைப் பார்ப்பதற்காகவே தனியாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார்.

கண்ணாடி ஒரு பக்கம், டேப் ஒரு பக்கம். மாஸ்டர் பதறிப்போய் அவரைத் தூக்கி ஸ்டூலில் உட்காரவைத்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டே படியைத்தான் பார்த்தார்.

"உள்ளயே கட்டிட்டீங்க" என்றார் மெதுவாக.

"ஆமாங்க."

"இப்படி ஒரு வழி இருக்கும்னு எங்க ஆபீஸ்ல யாருமே நெனைக்கல."

மாஸ்டருக்கு அது மிரட்டலாகத்தான் காதில் விழுந்தது. அதிகாரி ஒருவர் நெற்றியில் புடைப்போடு அவ்வளவு மரியாதையாகப் பேசினால் யாருக்குத்தான் பயம் வராது? மூன்று நாளில் மூன்றாவது நோட்டீஸ் வந்தது. 'கதவு நடைபாதையின் பக்கம் திறப்பதால் பாதசாரிகளுக்கு ஆபத்து.'

"இதுல நியாயம் இருக்கு" என்றார் மாஸ்டர்.

"இருக்கும் இருக்கும்" என்றாள் மனைவி. "சாட்சிக்கு அவர் நெத்தியே இருக்கே. ஏங்க, நான் ஒண்ணு சொல்றேன். இதை அப்படியே மிஷின் டிராயர்ல போட்டுட்டு, சீருடையப் பாருங்க. இன்னும் எழுவது பாக்கி இருக்கு."

"சட்டம்னா சட்டம்டி. நான் தைச்ச சட்டையில பட்டன் ஒண்ணு விட்டுப்போச்சுன்னா சும்மா விட்டுடுவேனா?"

கதவு பக்கவாட்டில் தள்ளுகிற கதவாக மாறியது. தள்ளினால் உட்சுவரை ஒட்டி நகர்ந்துபோய் நிற்கும். அது போய் நிற்கிற இடத்தில் கடையின் ஒரே ஜன்னல் இருந்தது. கடை திறந்தால் ஜன்னல் மூடிக்கொள்ளும், ஜன்னல் திறக்க வேண்டுமானால் கடையை மூட வேண்டும். நான்காவது நோட்டீஸில் என்ன எழுதியிருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றோட்டம்.

பியூன் அன்று தாளைக் கையில் கொடுக்கவே தயங்கினார். "மாஸ்டர், இந்த ஒரு தடவையாவது நான் சொல்றதக் கேளுங்க. நீங்க பேசாம..."

"பேசாம எப்படிங்க இருக்க முடியும்? உள்ள நாலு பேர் உக்காந்து தைக்கறோம். காத்து வேணும்ல?" என்றார் மாஸ்டர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார்.

புது ஜன்னல் வைக்க இருந்தது ஒரே ஒரு சுவர், பேக்கரியைப் பார்த்த சுவர். நடுவே ஆள் நடக்கிற அளவு சந்து. ஜன்னல் வைத்த அன்றே காற்று ஜம்மென்று வந்தது. கூடவே பேக்கரியின் அடுப்பு வாசனையும் வந்தது. இரண்டு நாளில் தைத்து அடுக்கியிருந்த சீருடைகள் எல்லாம் புதுரொட்டி வாசனை அடிக்க ஆரம்பித்தன. துணி வாங்கிப் போகலாம் என்று வந்த ஒருவர், மோந்து பார்த்துவிட்டு, "இது எப்பச் சுட்டது?" என்றே கேட்டுவிட்டார்.

மாஸ்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நேர் எதிரே பேக்கரியின் உள்ளறை. பேக்கரிக்காரர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ரொட்டி அடுக்குகிற இரும்பு ஸ்டாண்டின் ஒரு கால் குட்டை போலிருக்கிறது, கீழே வெளிர்பச்சைத் தாளை நாலாக மடித்து முட்டுக் கொடுத்திருந்தார். தையல்காரர் கண் அல்லவா, அந்த நிறம் எங்கேயோ பார்த்ததாயிற்றே என்று மாஸ்டருக்குத் தோன்றியது. அதற்குள் பேக்கரிக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

"என்ன மாஸ்டர், தினமும் இடிச்சிட்டே இருக்கீங்க? மாவெல்லாம் தூசி விழுது."

"யாரால இடிக்கறேன்னு உங்களுக்கே தெரியும்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"பேண்ட் லூசுன்னா எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம். நகராட்சி வரைக்கும் போயிருக்க வேணாம்."

பேக்கரிக்காரர் கையில் தட்டோடு அப்படியே நின்றார். "அந்த பேண்ட் இப்ப சரியாத்தான் இருக்கு" என்றார். அவர் உண்மையைத்தான் சொன்னார். எட்டு மாதத்தில் ஓர் அங்குலத்தை அவர் நிரப்பியிருந்தார்.

மாஸ்டர் ஜன்னலைச் சாத்தினார். உடனே நோட்டீஸ் ஞாபகம் வந்து திறந்துவைத்தார்.

ஐந்தாவது நோட்டீஸ் இருபத்தெட்டாம் தேதி வந்தது. ஏழு வாரத்தில் ஐந்து. அந்த அலுவலகம் பிறந்ததிலிருந்து இப்படி ஒரு வேகத்தில் வேலை செய்ததில்லை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த முறை பியூனோடு இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டே நீட்டினார்.

மாஸ்டர் சத்தமாகவே படித்தார். 'முன் அனுமதி பெறாமல் தாங்கள் கடையின் படியை இடித்தும், தரையைக் குடைந்தும், கதவை மாற்றியும், புதிய ஜன்னல் வைத்தும் கட்டடத்தில் மாற்றங்கள் செய்துள்ளது விதிமீறலாகும். முப்பதாம் தேதி காலை நேரில் வந்து விளக்கம் தரவும். தவறினால் அன்றே சீல் வைக்கப்படும். அதுவரை கடையிலிருந்து எந்தப் பொருளையும் வெளியே எடுக்கக் கூடாது.'

தையல் இயந்திரங்கள் நின்றுவிட்டன.

"நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்" என்றார் மாஸ்டர். முதல் முறையாக அவர் குரல் உடைந்தது.

"ஆமாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரலும் சரியாக இல்லை. "ஒண்ணு விடாம செஞ்சீங்க. அதான் எங்களுக்கும்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார்.

அன்று மாலை மனைவி ஒரு மூட்டைத் துணியை விரித்தாள். "சீருடை அத்தனையும் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம். சீல் வச்சா கடையோட போகட்டும், பிள்ளைங்க துணியாவது தப்பிக்கட்டும்."

"எடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கே."

"யாருங்க பாக்கப் போறா?"

"நான் பாப்பேனே" என்றார் மாஸ்டர்.

அவள் மூட்டைத் துணியை அப்படியே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதரைத் திட்டுவதற்குக் காரணம் தேடித் தேடி, ஒவ்வொரு முறையும் இந்த மாதிரி ஒரு இடத்தில் வந்து தோற்றுப்போகிறவள் அவள். "சரி, பாக்கி இருக்கற பத்தையும் தைச்சு முடிப்போம். சீல் வச்சாலும் வேலை முடிஞ்ச கடைக்கு வைக்கட்டும்" என்று ஊசியில் நூல் கோத்தாள்.

முப்பதாம் தேதி காலை மாஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையோடு நகராட்சிக்குப் போனார். கையில் ஒரு சின்னப் புத்தகம். ஐந்து நோட்டீஸையும், ஒவ்வொன்றுக்கும் தான் செய்த வேலையின் விவரத்தையும் வரிசையாக அடுக்கி, அட்டை போட்டு, இயந்திரத்திலேயே தைத்திருந்தார். இரட்டைத் தையல்.

பெரிய அதிகாரி புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். இன்ஸ்பெக்டர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"இது என்ன, முதுகுப் பக்கம் இவ்வளவு இடம் விட்டிருக்கீங்க?"

"ஒரு இஞ்சு விட்டிருக்கேங்க. இன்னும் நோட்டீஸ் வந்தா பிரிச்சு சேத்துத் தைச்சுக்கலாம்."

அதிகாரி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு பக்கமாகப் படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது.

"முதல் நோட்டீஸ்ல சொன்னது?"

"செஞ்சாச்சுங்க."

"ரெண்டாவது?"

"செஞ்சாச்சு. அஞ்சாவதுக்குத்தான் என்ன செய்யறதுன்னு தெரியல. அனுமதி இல்லாம மாத்தினது தப்புன்னா, எல்லாத்தையும் பழையபடி மாத்திடறேன். ஆனா அதுக்கும் முன் அனுமதி வேணும். அதையும் இன்னைக்கே எழுதிக் குடுத்துடறேங்க."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதிகாரி மணியை அழுத்தித் தலைமை எழுத்தரைக் கூப்பிட்டார். இருவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். எழுத்தர் ஓடிப்போய் ஒரு தடித்த விதிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன்பக்கங்கள் எல்லாம் விரல் பட்டு அழுக்கேறிக் கிடந்தன. கடைசிப் பக்கங்கள் திறக்காமலே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்கேலை விட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஆட்கள் வந்து கதவருகே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "இவருதானா?" "ஆமா, இவரேதான்." ஓர் அம்மாள் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். இன்னொருவர் டீ கொண்டுவந்தார், கூடவே இரண்டு பிஸ்கட்டும். யாரோ ஒருவர் மின்விசிறியை இவர் பக்கமாகத் திருப்பிவைத்தார்.

கடையைப் பிடுங்கப் போகிறவர்கள்தான் இவ்வளவு கவனிப்பார்கள் என்று மாஸ்டர் நினைத்தார். பிஸ்கட்டைத் தொடாமல் அப்படியே வைத்தார். கடைக்குள்ளே மடித்து அடுக்கிய நூற்று இருபது சீருடைகளும், வாசலில் நாளை வந்து நிற்கப்போகிற நூற்று இருபது பிள்ளைகளும் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து அதிகாரி புத்தகத்தை மூடினார். அச்சடித்த பாரம் எதையும் எடுக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தன் கையாலேயே எழுதினார். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினார். எழுதி முடித்ததும் முத்திரைகள் தொங்கிய ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பொருத்தமானது எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது, 'பெறப்பட்டது' என்கிற முத்திரையை எடுத்துக் குத்தினார். பிறகு எழுந்து நின்று, இரண்டு கையாலும் கொடுத்தார்.

'இக்கடையில் சொல்லப்பட்ட எல்லாக் குறைகளும் முழுமையாகச் சரிசெய்யப்பட்டுள்ளன. செய்த மாற்றங்கள் அனைத்துக்கும் இன்றே அனுமதி அளிக்கப்படுகிறது. கடை தொடர்ந்து இயங்கலாம்.'

மாஸ்டர் அதை மூன்று முறை படித்தார். கும்பிட்டார். வெளியே வரும்போது வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் கூடவே படிவரை வந்து, "எனக்கு ரெண்டு பேண்ட் தைக்கணும். சாவகாசமா வரேன்" என்றார். ஒரு இஞ்சு விட்டுத் தைக்கச் சொல்லவும் மறக்கவில்லை.

வெளியே மரத்தடியில் பியூன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் அவர் பக்கத்தில் போய் நின்றார். கடை பிழைத்துவிட்டது. நாளைக்குப் பிள்ளைகள் புதுத்துணியோடு பள்ளிக்குப் போவார்கள். ஆனால் நெஞ்சில் ஒரு முள் மட்டும் இன்னும் இருந்தது.

"ஏழு வாரமா நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க. நான்தான் கேக்கல" என்றார். "இப்பச் சொல்லுங்க. எனக்குக் கோவமெல்லாம் போயிடுச்சு. எம் மேல புகார் குடுத்தது பேக்கரிக்காரர்தானே?"

பியூன் துடைப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"புகாரா? ஒருத்தரும் குடுக்கல மாஸ்டர். அந்த முதல் நோட்டீஸை உங்க தெருவுல இருக்கற நாப்பத்தோரு கடைக்கும் வருஷா வருஷம் நான்தான் குடுக்கறேன், பேக்கரிக்காரர் போன வருஷத்ததை ஸ்டாண்டு காலுக்கு முட்டுக் குடுத்திருக்காரு. இருபத்தாறு வருஷத்துல அதைப் படிச்சுட்டு, சொன்னதைச் செஞ்சு காட்டினது நீங்க ஒருத்தர்தான். செஞ்சவருக்கு என்ன குடுக்கணும்னு எங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியல, அதான் ஒவ்வொரு தடவையும் இன்னொரு நோட்டீஸ் குடுத்தோம்."